நூலில் அளந்த மரம்

முதல் தேதி வெள்ளிக்கிழமையில் வந்தது. முதல் தேதி மரம் அளக்கும் நாள். வெள்ளிக்கிழமை இலை பறிக்கும் நாள். இரண்டும் ஒன்றாக வந்தால் அம்சத்துக்கு அன்று காரணமில்லாமல் சந்தோஷமாக இருக்கும். இன்றைக்கு இல்லை. பதினோரு மணிக்குத் தாசில்தார் வருகிறார்.

பண்ணையார் துரைராசுவுக்காக அவருடைய காரியக்காரர் பஞ்சநதம் கொடுத்த ஆட்சேபணை மனுவைப் போன வாரம் சாவடியில் வாசித்துக் காட்டியதிலிருந்து அம்சத்தின் வீட்டில் யாரும் வயிறாரச் சாப்பிடவில்லை. 'மேற்படி வேம்பு வகையறா, மேற்படி தேதியில் மேற்படி மனையில் குடியிருந்தவர்கள் அல்ல.' வேம்பு அம்சத்தின் அம்மா. இத்தனை மேற்படிக்கும் சேர்த்து அர்த்தம் ஒன்றுதான்: இடத்தைக் காலி பண்ணு.

சட்டம் குறித்த தேதி சென்ற வருஷம் ஜூன் பத்தொன்பது. பண்ணை மனைகளில் அன்றைக்குக் குடியிருந்த விவசாயத் தொழிலாளிக்கு அந்த மனை சொந்தம். தெருவில் முப்பது வீட்டுக்குப் பட்டா வந்துவிட்டது. தோப்புக் கடைசியில், வாய்க்கால் ஓரமாய், தனியாய் நின்ற இந்த வீட்டுக்கு மட்டும் வரவில்லை. அம்சத்தின் அப்பா நல்லக்கண்ணு தோப்புக் காவலாக இருந்தவர். காவல்காரன் வீடு தெருவோடு இருந்தால் தேங்காயை யார் பார்ப்பது? அவர் போய் மூன்று வருஷம் ஆகிறது. வீடு இன்னமும் தனியாகத்தான் நிற்கிறது. வீட்டோடு ஒரு தைலமரமும்.

அம்சம் நூலை மரத்தில் சுற்றினாள். அடிமரத்தில் நெஞ்சு உயரத்துக்குச் சுண்ணாம்புக் கோடு ஒன்று உண்டு. அதன் மேல்தான் நூல் படிய வேண்டும். சுற்று முடியும் இடத்தில் நகத்தால் அழுத்திப் பிடித்து, தரையில் வைத்த அளவுகோலின் மேல் நூலை நீட்டினாள். முப்பத்தேழே கால் அங்குலம். நம்பாமல் மறுபடி சுற்றினாள். முப்பத்தேழே கால். மூன்றாவது தடவையும் அதே எண் வந்த பிறகுதான் நோட்டில் எழுதினாள்: '1-9-72. முப்பத்தேழே கால்.'

அவளுக்கு இருபது வயது. பகலில் நடவு, களை. சாயங்காலம் மாயவரத்தில் டுடோரியல். எஸ்.எஸ்.எல்.சி.யில் கணக்கில் இரண்டு தடவை கோட்டை விட்டவள். அதிலிருந்து எந்த எண்ணையும் மூன்று தடவை பார்க்காமல் விடுவதில்லை.

பண்ணை மனையில் குடியிருப்பவர்கள் காய்க்கிற மரம் வைக்கக் கூடாது என்பது ஊர் வழக்கம். அவரை படரலாம், பூசணி படரலாம். தென்னையும் மாவும் கூடாது. தென்னை வைத்தவன் இளநீருக்கு உரிமை கேட்பான், இளநீர் கேட்டவன் நாளைக்கு மண்ணைக் கேட்பான் என்று பண்ணைக்குப் பயம். அறுபத்து மூன்றில், பள்ளிக்கூடத்து வனமகோத்சவத்தில் நட்டது போக மிஞ்சிய கன்று ஒன்றை நல்லக்கண்ணு தூக்கி வந்தபோது, பஞ்சநதம் வாய்க்கால் மேட்டிலேயே மறித்தாராம்.

"என்னடா அது?"

"தைலமரங்க."

"காய்க்குமா?"

"காய்க்காதுங்க."

"பழுக்குமா?"

"பழுக்காதுங்க. தலைவலிச்சா இலையை மோந்துக்கலாம்."

"மோந்துக்க, மோந்துக்க," என்று சிரித்துக்கொண்டே வழி விட்டாராம்.

களிமண்ணில் தண்ணீர் நின்றால் வேர் அழுகிவிடும் என்று நாலு கூடை ஆற்று மணல் சுமந்து வந்து, முழங்கால் உயரம் மேடு கட்டி, அதன் மேல் கன்றை நட்டார் நல்லக்கண்ணு. பக்கத்தில் ஒரு மூங்கில் முளை. வாழை நாரைத் தளர்வாக, எட்டுப் போல் சுற்றிக் கட்டினார். காற்றில் ஆடலாம், சாயக் கூடாது. முதல் கோடையில் சாயங்காலம் ஒரு குடம் தண்ணீர். ஐப்பசி மழைக்கு மேட்டைச் சுற்றிக் கால் வெட்டி, நின்ற தண்ணீரை வடித்தார். ஆடுகள் முகர்ந்து பார்த்துத் தும்மிவிட்டுப் போயின. மூன்றாம் வருஷத்திலிருந்து அடிக் கொப்புகளைக் கழித்து மரத்தை நேராக ஏற்றினார்.

இலை பறிப்பதற்கும் ஒரு முறை வைத்திருந்தார். இந்த வாரம் கிழக்கு, அடுத்த வாரம் தெற்கு, பிறகு மேற்கு, வடக்கு. ஒரே பக்கமாய்ப் பறித்தால் மரம் மறு பக்கம் பாரம் தாங்கிச் சாயும். பறித்த இலை பண்ணை வீட்டுக் கொல்லைக் கதவுக்குப் போகும். துரைராசுவின் மனைவி பிரகதாம்பாளுக்கு இழுப்பு. வெந்நீரில் இந்த இலையைப் போட்டு ஆவி பிடித்தால்தான் அந்த அம்மாளுக்கு மூச்சு இறங்கும்.

நல்லக்கண்ணுவுக்கு எழுதத் தெரியாது. ஐந்தாம் வகுப்பில் இருந்த மகளிடம் ஒரு நோட்டைக் கொடுத்து, "மரம் எவ்வளவு வளர்ந்துச்சுன்னு மாசாமாசம் எழுது," என்றார். எதற்கு என்று கேட்டதற்கு, "பஞ்சநதம் ஒரு நோட்டு வச்சிருக்கார்ல? நமக்கும் ஒண்ணு இருக்கட்டுமே," என்றார்.

"அந்த நோட்டைக் கொடு."

அண்ணன் ரெத்தினம் ஈரத் தலையோடு வந்து நின்றான். விவசாயத் தொழிலாளர் சங்கத்தில் கிளைச் செயலாளர். வீட்டிலும் கூட்டத்தில் பேசுகிற மாதிரிதான் பேசுவான். நின்றபடியே புரட்டினான். முகம் மலர்ந்தது.

"அறுபத்து மூணுலேர்ந்து ஒரு மாசம் விடாம இருக்கு! பஞ்சநதம் இனிமே வாயைத் திறப்பாரா? நீ கெட்டிக்காரிதான் அம்சம், நான்தான்..."

விரல் ஒரு பக்கத்தில் நின்றது.

'1-6-71. நாகப்பட்டினம். அளக்கவில்லை.'

'1-7-71. நாகப்பட்டினம். அளக்கவில்லை.'

"இதை எழுதச் சொல்லி உன்னை யாரு கேட்டா?"

"அளக்கலையே அண்ணே. அளக்கலைன்னா அளக்கலைன்னுதானே எழுதணும்?"

"ஒண்ணுமே எழுதாம விட்டிருக்கலாம்ல?"

"விட்டுட்டா, மறந்துட்டேன்னு ஆயிடும்."

ரெத்தினம் நெற்றியில் அடித்துக்கொண்டான்.

சென்ற வருஷம் கோடையில், சங்கத்தில் சேர்ந்தவர்களுக்கு வேலை கிடையாது என்றது பண்ணை. பண்ணை வீட்டுக் கொல்லைப்படியை யாரும் மிதிப்பதில்லை என்றது சங்கம். அந்தத் தீர்மானத்தைச் சங்கக் கொடிமரத்தடியில் நின்று முழங்கியவன் ரெத்தினம். முழங்கினால் ஆயிற்றா? அடுப்பு எரிய வேண்டுமே. வீட்டைப் பூட்டிக்கொண்டு மூன்று பேரும் நாகப்பட்டினம் போனார்கள். அவன் துறைமுகத்தில் ஐஸ் உடைத்தான். அம்மாவும் அம்சமும் மீன் காயப்போட்டார்கள். ஆகஸ்டில் கூலிப் பேச்சு முடிந்துதான் திரும்பினார்கள். அந்த மூன்று மாதத்துக்கு நட்ட நடுவில் விழுந்தது ஜூன் பத்தொன்பது.

"கிழி," என்றான்.

"கிழிச்சா ஜோடித் தாளும் கையோட வந்துடும். அதுலதான் கன்னு நட்ட நாள் இருக்கு."

"பசை போட்டு ஒட்டு."

"ஒட்டினது தெரியும் அண்ணே."

"அப்ப அழிச்சுட்டு ஒரு எண்ணை எழுது. மே மாசம் எவ்வளவு, ஆகஸ்ட்ல எவ்வளவு, நடுவுல என்ன இருக்கும்னு தெரியாதா? கணக்குல ரெண்டு தடவை தோத்தவளுக்குக்கூட இது தெரியுமே!"

அம்சத்துக்குச் சுருக்கென்றது.

"இங்க பாரு," குரலை இறக்கினான். "மனு அவங்க பக்கம் தீர்ந்துச்சுன்னா, ஆளைக் கூட்டிட்டு வந்து கூரையைப் பிரிப்பாங்க. எங்க போறது? மறுபடி நாகப்பட்டினமா?"

உள்ளே அரிசி களைந்துகொண்டிருந்த வேம்பு, களைந்த தண்ணீரை வாசல் பக்கம் கொண்டுவந்து ஊற்றாமல் அடுப்படியிலேயே கவிழ்த்துவிட்டாள். "என்னம்மா?" என்று அம்சம் எட்டிப் பார்த்தாள். "ஒண்ணுமில்ல," என்றாள் வேம்பு, ஈரத் தரையைப் பார்த்தபடி.

ரெத்தினம் சட்டை மாட்டப் போனதும் அம்சம் பென்சிலை எடுத்தாள். என்ன எண் வர வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். முப்பத்தைந்தே கால். எழுத அரை நிமிஷம் ஆகாது. நேர்மை, உண்மை என்கிற பெரிய வார்த்தை எதுவும் அவள் மனசில் ஓடவில்லை. ஒரு எண்ணைப் பொய்யாக எழுதிவிட்டால், மற்ற எண்களை இனி எப்படி நம்புவது என்றுதான் பயமாக இருந்தது. கணக்கில் தோற்றவளுக்குக் கைவசம் தப்பில்லாமல் இருந்தது அந்த நோட்டு ஒன்றுதான். அதே சமயம், கூரை போனால் இந்த நோட்டை எந்த இறவாணத்தில் செருகுவாய் என்றும் இன்னொரு மனசு கேட்டது.

பென்சிலைக் கீழே வைத்தாள். மறுபடி எடுத்தாள். அதற்குள் வாய்க்கால் மேட்டில் சைக்கிள் மணி கேட்டது.

தாசில்தார் கோவிந்தராசு ஒல்லியான மனிதர். சைக்கிளை நிறுத்தியதும் முதலில் கால்சட்டை ஓரத்துச் சேற்றைத் துடைத்தார். பின்னால் இன்னொரு சைக்கிளில் காகிதக் கட்டோடு பியூன். பஞ்சநதம் சலவை வேட்டியில் ஏற்கனவே தயாராக நின்றார். பெஞ்சைத் தைலமரத்து நிழலில் போட்டார்கள்.

"இந்தக் கொட்டாய் போன வருஷம் ஆடி கழிச்சுப் போட்டதுங்க சார்," என்று ஆரம்பித்தார் பஞ்சநதம். "சட்டம் வந்துடுச்சுன்னு தெரிஞ்சு ஓடியாந்து போட்டது."

"மரம்?"

"மரம் பண்ணை வச்சதுங்க."

"எப்ப?"

"அது... இருக்கும் சார், ஒரு மூணு வருஷம்."

கோவிந்தராசு அண்ணாந்து பார்த்தார். தோப்புத் தென்னைகளைத் தாண்டி நின்றது மரம். "மூணு வருஷத்துலயா? என்ன உரம் போட்டீங்க? எங்க வீட்டு முருங்கைக்கும் போடணும்."

பியூன் வாயைப் பொத்திக்கொண்டான். அம்சம் நூலையும் நோட்டையும் நீட்டினாள். கோவிந்தராசு தானே எழுந்து நூலைச் சுற்றி அளந்தார். முப்பத்தேழே கால். நோட்டைப் பார்த்தார். பின்னால் புரட்டிக்கொண்டே போனார். பென்சில் எழுத்து சின்னதாகி, கோணலாகி, கடைசியில் ஐந்தாம் வகுப்புக் கையெழுத்தானது. 'கன்று நட்டோம். உயரம் அப்பா முழங்கால்.' அதைப் படித்ததும் அவர் முகம் லேசாக இளகியது.

"ஒன்பது வருஷமா இங்கதான் இருக்காங்க. இதுல என்னய்யா சந்தேகம்?"

"இருந்திருக்கலாம் சார்," பஞ்சநதம் அசரவில்லை. "தேதியில இல்லை. அந்த ஜூன்ல நாகப்பட்டினத்துல மீன் காயப்போட்டுக்கிட்டு இருந்தாங்க."

"இப்பதான் கொட்டாயே புதுசுன்னீங்க?"

"பொய் சார்!" ரெத்தினம் பாய்ந்தான். "ஒரு நாள்கூட நாங்க ஊரை விட்டுப் போகலை."

கோவிந்தராசு இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அம்சத்தைப் பார்த்தார். "எழுதினவ நீதானேம்மா? ஜூன் மாசத்தை எடு."

அம்சத்துக்கு அண்ணன் மூச்சு விடுவது கேட்டது. அவன் கேட்டதைச் செய்யவும் துணிச்சல் வரவில்லை. செய்ய மாட்டேன் என்று முகத்துக்கு நேரே சொல்லவும் வரவில்லை. இப்போது செய்ய ஒன்றுதான் மிச்சம். பக்கத்தைத் திறந்து கொடுத்தாள்.

அவர் இரண்டு வரியையும் வாய்விட்டுப் படித்தார். பஞ்சநதம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். ரெத்தினம் தங்கையைப் பார்த்த பார்வையில் கோபம்கூட இல்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

கோவிந்தராசு தாளைத் திருப்பினார்.

"'14-8-71. திரும்பினோம். முப்பத்தைந்தே முக்கால். நாலு பக்கமும் கொப்பு ஒடித்திருக்கிறது. சில காயம் பழசு, சில புதுசு. யார்?'" நிமிர்ந்தார். "யாரும்மா?"

"தெரியலைங்க. தெரியாததாலதான் அப்படி எழுதினேன்."

"மாடு மேய்க்கிற பயலுவ ஒடிச்சிருப்பானுவ," என்றார் பஞ்சநதம்.

"இந்த இலையை மாடு தின்னாதுங்களே," என்றாள் அம்சம். சொல்லச் சொல்லத்தான் அவளுக்கே ஒவ்வொன்றாகப் புலப்பட்டது. "வாரம் ஒரு பக்கமா சுத்தி ஒடிக்கிறது எங்க அப்பா வச்ச முறைங்க. வேற யாருக்கும் தெரியாது. கொப்பும் கைக்கு எட்டாது. தொரட்டி வேணும். தொரட்டி வீட்டுக்குள்ள இருந்துச்சு. வீடு பூட்டி..."

நிறுத்தினாள்.

"சாவி என்கிட்ட இருந்துச்சு," என்றாள் வேம்பு.

எல்லோரும் திரும்பினார்கள். அதுவரை வாசல் ஓரமாய் நின்றவள், முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை வந்தேங்க. மத்தியான பஸ்ல ஏறினா பொழுது சாயறதுக்குள்ள வந்துடுவேன். இலையை ஒடிச்சுப் பண்ணை அம்மாகிட்ட கொடுத்துட்டு, இங்கயே படுத்திருந்துட்டு, விடிஞ்சதும் வாசல் தெளிச்சுட்டு முதல் பஸ்ல போயிடுவேன்."

"தரங்கம்பாடியில சித்திக்கு உடம்பு சரியில்லைன்னு போனியே..." என்றான் ரெத்தினம். "அது இதுதானா?"

"சித்தி நல்லாத்தான் இருந்தா."

"கொல்லைப்படியை மிதிக்கிறதில்லைன்னு சங்கம் சொல்லியிருக்கு. நான் சொல்லியிருக்கேன். நீ மிதிச்சியா?"

"மிதிச்சேன்டா. அந்த அம்மாவுக்கு இழுப்பு உங்க சங்கத்தைக் கேட்டுக்கிட்டா வருது?"

ரெத்தினம் வாய்க்கால் பக்கம் திரும்பிக்கொண்டான்.

அம்சத்தின் விரல்கள் தாமாகவே எண்ணிக்கொண்டிருந்தன. "ஜூன் ஒண்ணு செவ்வாய்க்கிழமைங்க. அப்ப பத்தொன்பது சனி. வெள்ளி ராத்திரி அம்மா இங்க படுத்திருந்தா, விடிஞ்சது பத்தொன்பதாம் தேதி." சொல்லிவிட்டு, சரிதானா என்று மனசுக்குள் மறுபடி எண்ணினாள். சரிதான்.

கோவிந்தராசு பேனாவை மூடாமல் கையிலேயே வைத்திருந்தார். "நீங்க சொல்றதை நம்பறேம்மா. நான் நம்பினா போதாது. உங்களை அப்ப இங்க பார்த்தவங்க யாராவது வந்து சொல்லணும்."

"தனி வீடுங்க. யாரு பார்ப்பா?"

"இலையை வாங்கிக்கிட்டவங்க?"

பஞ்சநதம் துண்டைத் தோளிலிருந்து எடுத்து மடிக்கத் தொடங்கினார். மடிக்கிற வேகத்தில் அது கீழே விழுந்தது.

"அடுத்த வெள்ளிக்கிழமை மறுபடி வரேன்," என்று எழுந்தார் கோவிந்தராசு. "ஒரு சாட்சி வந்து வாக்குமூலம் கொடுத்தா இவங்க பக்கம் எழுதிடுவேன். இல்லைன்னா மிராசுதார் மனுதான் நிக்கும்."

மத்தியானம் அம்சம் மரத்தடியில் உரிந்து கிடந்த பட்டைகளைப் பொறுக்கிக் குவித்தாள். மேட்டில் மழை அரித்த இடத்தில் மண் போட்டு மிதித்தாள். ரெத்தினம் வாய்க்காலில் காலை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவள் பக்கம் திரும்பாமலே சொன்னான்:

"நான் கொடிமரத்தடியில கத்தினேன்ல, அன்னைக்கு அம்மா முன் வரிசையிலதான் உக்காந்திருந்தா. கை வேற தட்டினா."

சிரிப்பதா வேண்டாமா என்று அம்சத்துக்குத் தெரியவில்லை. அவனுக்கும் தெரியவில்லை போலிருந்தது.

நாலரை மணிக்கு வேம்பு தொரட்டியை எடுத்துக்கொண்டு வந்தாள். "எந்தப் பக்கம்டி?"

அம்சம் நோட்டைப் பார்த்தாள். "மேற்கு."

வேம்பு எம்பினாள். எட்டவில்லை. இன்னொரு தடவை எம்பினாள். தண்ணீர் சொட்டும் காலோடு ரெத்தினம் வந்தான். தொரட்டியை வாங்கி, கொப்பை இழுத்து ஒடித்தான். கட்டாய்ச் சேர்த்து வாழை நாரால் கட்டினான். அவன் கைகளில் எல்லாம் தைல வாசனை.

"இருட்டறதுக்குள்ள வந்துடுங்க," என்றான். தான் வருவதாகச் சொல்லவில்லை.

டுடோரியலுக்குப் போகாமல் அம்சம் அம்மாவோடு நடந்தாள். "நீ கேட்டுடும்மா," என்றாள். "வந்து ஒரு வார்த்தை சொல்லுங்கன்னு கேளு."

"கேட்க மாட்டேன்."

"ஏன்?"

"இலையைக் கொடுத்துட்டுக் கேட்டா, இத்தனை நாள் கொடுத்த இலைக்கெல்லாம் விலை கேட்ட மாதிரி ஆயிடும்."

"வீடும்மா! நம்ம வீடு!"

வேம்பு நடையை நிறுத்தவில்லை.

கொல்லைக் கதவைத் தட்டுவதற்கு முன்பே திறந்தது. பிரகதாம்பாள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நெஞ்சு விசில் அடிப்பது படிக்குக் கீழே நின்றவர்களுக்குக் கேட்டது. இலைக்கட்டை வாங்கி, முகத்தோடு வைத்து ஒரு மூச்சு இழுத்தாள்.

"இன்னைக்கு வர மாட்டேன்னு நினைச்சேன்."

"வெள்ளிக்கிழமையாச்சுங்களே," என்றாள் வேம்பு.

"பஞ்சநதம் வந்து எல்லாம் சொன்னார்." மூச்சு வாங்கியது, நின்று பேசினாள். "அடுத்த வெள்ளிக்கிழமை நீ இலை கொண்டுவர வேண்டாம், வேம்பு."

அம்சத்துக்கு அம்மாவின் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. வேம்பு, "சரிங்கம்மா," என்று மட்டும் சொன்னாள்.

"நானே வந்து பறிச்சுக்கறேன். இவ்வளவு வருஷமா இலை வருது. மரத்தை நான் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை."

உள்ளேயிருந்து துரைராசுவின் குரல் வந்தது. "எங்கே போறதா சொல்லிக்கிட்டிருக்கே?"

பிரகதாம்பாள் திரும்பிப் பார்த்தாள். பதில் சொன்னாளா என்று தெரிவதற்குள் கதவு மூடிக்கொண்டது.

வரப்பில் பாதி தூரம் வந்ததும் வேம்பு கேட்டாள்: "இதையும் எழுதிடுவியா?"

"எப்படிம்மா? இன்னும் நடக்கலையே."

வீட்டுக்கு வந்ததும் அம்சம் நோட்டைத் திறந்தாள். ஆகஸ்ட் பக்கத்தில் 'யார்?' என்பதற்குப் பக்கத்தில் 'அம்மா' என்று எழுதினாள். புதுப் பக்கத்தில் '8-9-72. வெள்ளி. வடக்கு' என்று போட்டு, மீதியைக் காலியாக விட்டாள்.

ரெத்தினம் வாசலிலிருந்தே கேட்டான். "என்ன சொன்னாங்க?"

சொன்னாள். துரைராசுவின் குரலையும் சேர்த்துச் சொன்னாள். அவன் மரத்தை அண்ணாந்து பார்த்தான்.

"அடுத்த வாரம் எந்தப் பக்கம்?"

"வடக்கு."

"வடக்குக் கொப்பெல்லாம் உசரமாச்சே. அந்த அம்மாவுக்கு எட்டாது."

"நீதான் அண்ணே வளைச்சுப் பிடிக்கணும்."

ரெத்தினம் தொரட்டியை எடுத்தான். வழக்கமாக அதை வீட்டுக்குள் கொண்டுபோய் வைப்பவன், மரத்தின் வடக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்துவிட்டு உள்ளே போனான்.